சின்னத்தைக்கு மூத்தவள்

நேரம் நடுப்பகல் பன்னிரண்டரை. ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்? பேய்க்கு ராத்திரிதான் தோது என்று யார் சொன்னது? உச்சி வெயிலில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சாலையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மூடிப்போன செங்கல் சூளை. மறுபக்கம் முள்வேலி. நடுவில் ஒரே ஒரு ஸ்கூட்டர்... அதில் ஒரே ஒரு மனிதர். ஒரே ஒருவர்தான் என்று அவரும் நினைத்துக்கொண்டிருந்தார்.

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள். மூலையில் இருப்பவர் இப்படி நெருங்கி வாருங்கள், சுவரில் சாய வேண்டாம். இது நான் கட்டிவிட்ட கதை இல்லை. என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. நண்பன் சொல்லி முடிப்பதற்குள் அவன் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. நானும் என் டீயைக் குடிக்கவில்லை.

அந்த மனிதருக்குக் குடும்பத்தில் வேர்க்கடலை என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விடுமுறை வந்தால் போதும், குடும்பத்து வேரைத் தோண்டக் கிளம்பிவிடுவார். தாத்தாவுக்குத் தாத்தா யார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யாரை எங்கே கட்டிக்கொடுத்தார்கள்... மக்கள்தொகை அலுவலகத்தில் பழைய தாள்கள், தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவு, பத்திர அலுவலகத்தில் கிரயப் பத்திரம் என்று எதையும் விடமாட்டார். தூசியில் தும்மித் தும்மி மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். கல்யாண வீட்டில் அவர் தலை தெரிந்தாலே சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். "வேர்க்கடலை வருது, ஓடிரு. மாட்டினா உன் கொள்ளுத்தாத்தால இருந்து ஆரம்பிக்கும்."

அப்படிக் கேலி செய்தவர்களுக்கே ஒருநாள் அவர் தேவைப்பட்டார். தாத்தா கட்டிய பழைய வீட்டை விற்கப் பேச்சு முடிந்திருந்தது. வாங்குபவருடைய வக்கீல், வம்சாவளி முழுசாக வேண்டும், ஒரு தலைகூட விடுபடக் கூடாது என்று சொல்லிவிட்டார். வேர்க்கடலையைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும்? அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் எல்லோரும் வீடு தேடி வந்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்கள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவர் பேச்சை எல்லோரும் கடைசிவரை கேட்டார்கள். சனிக்கிழமைக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

வேலை சுலபமாகத்தான் போனது. தாத்தாவின் பத்திரத்தில் மட்டும் ஒரு வரி. "என் மூத்த மகள் உயிரோடு இருக்கும்வரை பின்னறை அவளுக்கே." அது சின்னத்தைதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். வேர்க்கடலையின் அப்பாவுக்குத் தங்கை, கல்யாணம் ஆகவில்லை, அந்த வீட்டிலேயே தனியாக இருந்தவர். தாத்தாவுக்கு வேறு மகள் கிடையாது. அவரும் அப்படியே எழுதிவிட்டு எழுந்துவிட்டார். மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது...

மூத்த மகள் எப்படிச் சின்னத்தை ஆவாள்?

சின்னத்தை என்று ஒருத்தி இருந்தால் பெரியத்தை என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டுமே. பிறந்ததிலிருந்து கூப்பிட்ட வார்த்தை. ஒருநாளும் அவருக்கு இது தோன்றவில்லை.

மக்கள்தொகைத் தாளைப் பார்த்தார். வீட்டில் ஒரே ஒரு பெண்பிள்ளை என்றுதான் இருந்தது. தேவாலயத்தில் கேட்டார். தாத்தாவின் பிள்ளைகள் என்று அவர்கள் எடுத்துக் கொடுத்த நகலில் இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. கல்யாணம் நடக்கவில்லை. அடக்கமும் நடக்கவில்லை. பிறந்தாள்... அவ்வளவுதான்.

சின்னத்தையிடம் போய்க் கேட்டார். அந்த அம்மாள் பின்னறைக் கதவைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவளுக்குப் பேச்சு சரியா வராதுப்பா. அடிக்கடி வலிப்பு வரும். வெளிய தெரிஞ்சா வீட்டுல யாருக்கும் நல்லது நடக்காதுன்னு அங்க வச்சிருந்தாங்க. கணக்கெடுக்க ஆள் வந்தப்ப எங்கப்பா வாசல்ல நின்னு ஒரு பொண்ணுதான்னு சொன்னாரு. உள்ள நான் அவ வாயைப் பொத்திக்கிட்டு நின்னேன். இந்தக் கையாலதான்."

"அப்புறம்?"

"ஒருதடவை ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு வந்தேன். ரூமுக்கு வெள்ளை அடிச்சிருந்தாங்க. சுண்ணாம்பு ஈரம்கூடக் காயல. அவ இல்ல. எங்கன்னு கேட்க எனக்குத் தைரியம் வரல." அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எழுதுப்பா. பெரிய பொண்ணா வளர்ற வரைக்கும் இருந்தாள்னு எழுது. ஒருத்தராவது எழுதுங்க."

எழுதுகிறேன் என்றார். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார், பாவம். வக்கீல்தான் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வளர்ந்த பொண்ணா? எப்ப செத்தாங்க, எங்க புதைச்சாங்க? ஒண்ணும் இல்லேன்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். வருஷக்கணக்கா இழுக்கும். கைக்குழந்தையாவே போயிட்டதா இருந்தா, நீங்களும் உங்க அத்தையும் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது." சொல்லிவிட்டு வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று ராத்திரி ஆளாளுக்குப் போன். என்ன ஆச்சு, முடிஞ்சுதா, உன்னை நம்பித்தானே இருக்கோம்... முடியவில்லை என்று சொன்னால் மறுபடியும் அவர் வெறும் வேர்க்கடலைதான்.

எழுதினார். "முதல் பெண் குழந்தை, ஒரு வயது முடியும் முன் இறந்துவிட்டது."

சனிக்கிழமை முற்பகலில் தாளை எடுத்துக்கொண்டு சின்னத்தையிடம் போனார். சின்னத்தையின் மூக்குக்கண்ணாடி புது லென்ஸ் போடுவதற்காக அவர் கடைக்குத்தான் வந்திருந்தது.

"கண்ணாடி கொண்டாந்தியா?"

"இன்னும் ஆகல, அத்தை. அடுத்த வாரம்."

கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அவளைப் பத்தி எல்லாம் சரியா எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

சின்னத்தை தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "புண்ணியமாப் போகும்டா உனக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதுமே தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று பின்னால் என் நண்பனிடம் அழுதிருக்கிறார். கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

சூளைக்குப் பக்கத்தில் வரும்போது... வண்டியின் பின்பக்கம் மெல்ல அழுந்தியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி. டயரில் காற்று இறங்கிவிட்டது என்று நினைத்தார். பிறகு அந்த வாசனை. பொட்டல் வெயிலில், காய்ந்த மண் சாலையில்... ஈரச் சுண்ணாம்பு வாசனை. அடுத்து, பிடரிக்கு நேர் பின்னால், மூச்சு. சாதாரண மூச்சு இல்லை. வாயைப் பொத்தினால் விரல் இடுக்கு வழியாக வருமே... ஹ்ஹ்ம்... ஹ்ஹ்ம்... என்று. அது.

அவர் திரும்பவில்லை. வண்டிக் கண்ணாடியிலும் பார்க்கவில்லை. "என்னை மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னார். மூச்சு ஒரு கணம் நின்றது. காத்திருந்தது போல. அப்போதுகூட வண்டியைத் திருப்பியிருக்கலாம். அவர் நேராக வக்கீல் வீட்டுக்குப் போய்த் தாளைக் கொடுத்துவிட்டார்.

வீடு விற்றுவிட்டது. எல்லோரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். சின்னத்தையை இன்னொரு அண்ணன் மகன் கூட்டிக்கொண்டு போனான். வேர்க்கடலை அங்கே போய்க் கண்ணாடியைக் கொடுத்தார். வீடு விற்ற பத்திரத்தோடு அந்தத் தாளின் நகலும் அங்கே மேஜைமேல் இருந்தது. சின்னத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சாகும்வரை அவரோடு பேசவும் இல்லை.

வேர் தோண்டுவதை அவர் விட்டுவிட்டார். ஆனால் அவர் வீட்டுப் பின்பக்க அறை... பழைய சாமான் போட்டிருந்த அறை... அதை அவர் மனைவி ஒருநாள் ஒழித்துக் கட்டில் போட்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டுமே" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டு கூடுதலாகக் கழுவினாள். வாரம் ஒருமுறை தலையணை உறையை மாற்றினாள். அவருக்கு மேற்கொண்டு கேட்க வாய் வரவில்லை. கேட்டால் முழுக் கதையையும் சொல்ல வேண்டுமே.

போன வருஷம் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பட்டப்பகல். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"வீட்டுல எத்தனை பேர்?"

அவர், அவர் மனைவி, ஒரு மகன். மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"நாலு பேரும்மா."

ஒவ்வொருவராக எழுதி முடித்துவிட்டு அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நாலாவது?"

"இவரு வழிச் சொந்தம். வயசானவங்க. உள்ள படுத்திருக்காங்க." மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வயசு எனக்குச் சரியாத் தெரியல, இருங்க." பின்னறைப் பக்கம் திரும்பி, தினமும் பேசுகிற ஆளிடம் கேட்பது போலக் கேட்டாள். "உங்களுக்கு என்ன வயசு?"

கட்டில் கிரீச்சிட்டது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். பல் போன, நடுங்குகிற கிழக் குரல் ஒன்று உள்ளேயிருந்து மெதுவாகச் சொன்னது...

"ஒரு வயசு இன்னும் முடியலம்மா."

கணக்கெடுக்க வந்த பெண் சிரிக்கவில்லை. "சரிங்க பாட்டி" என்று சொல்லி எழுதிக்கொண்டாள்.