அட்டையில் படுத்திருப்பவர்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, ஐயா. பேசச் சொன்னால் எனக்கு நாக்கு குழறும். எழுதித் தரச் சொன்னீர்கள், பிழைத்தேன். நான் சொல்ல ஏட்டையா எழுதினால் நடை கெட்டுவிடும்.

என் பெயர் பாலசுப்பிரமணியன். சேரன்மகாதேவியில் ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். அது சோற்றுக்கு. மாதம் ஒரு துப்பறியும் நாவல் எழுதி, நானே அச்சுப்போட்டு, நானே பையில் சுமந்துபோய்க் கடைகளில் போடுவேன். சென்னைப் பத்திரிகைகள் என் கதைகளைத் திருப்பியனுப்பிய வேகத்தைப் பார்த்து எடுத்த முடிவு அது. என் மனைவி கோமு இதைக் கோட்டித்தனம், பைத்தியக்கார வேலை என்பாள். ஆனால் பிழை திருத்திக் கொடுப்பதும் அவள்தான்.

இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கதைக்கு முன்னால் அட்டை பிறந்துவிடும். சிவகாசியில் பெரிய தாளில் நாலைந்து பேருடைய அட்டைகளைச் சேர்த்து அச்சில் ஓட்டினால்தான் என்னைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகும். தாளில் இடம் இருக்கிறது என்று அச்சகத்து ஆள் சொல்லிவிட்டால் உடனே படத்தையும் தலைப்பையும் கொடுத்துவிட வேண்டும். கதையை அப்புறம் அட்டைக்குத் தோதாக எழுதிக்கொள்ளலாம். அட்டையில் துப்பாக்கி இருந்தால் உள்ளே யாராவது சுட்டாக வேண்டும். ஒருமுறை அட்டையில் யானை வந்துவிட்டது. கொலைகாரனைப் பாகனாக்கிச் சமாளித்தேன்.

எனக்கு அட்டை செய்து கொடுத்தவர் கைலாசம். டவுணில் மேலரத வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுத்த நேரம் போக எனக்கு அட்டை செய்வார். கையில் வித்தை உண்டு. அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

விற்காத புத்தகத்தைக் கடைக்காரர்கள் முழுசாகத் திருப்பித் தருவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அட்டையை மட்டும் கிழித்துக் கொடுத்தால் போதும், கணக்குத் தீர்ந்தது. உள்தாள் அவர்களுக்கு. ஜங்ஷனில் கடை வைத்திருக்கும் பீர் மைதீன் அண்ணாச்சி அதைப் பக்கத்து வடைக்கடைக்குக் கொடுத்துவிடுவார். என் துப்பறிவாளர் கொலைகாரனை நெருங்குகிற பக்கத்தில் மடித்துக் கொடுத்த வடையை நானே தின்றிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இந்தச் சித்திரையில் ‘நீருக்குள் ஒரு கை’ என்று ஒரு தலைப்பு வைத்தேன். பிணமாகப் படுக்க ஆள் கிடைக்காமல் கைலாசமே நீலக்கட்டம் போட்ட சட்டையோடு எங்கள் ஊர்ப் படித்துறையில் குப்புறப் படுத்தார். கேமராவில் நேரம் வைத்து, ஓடிப்போய்ப் படுத்துத் தன்னைத்தானே எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். மூலையில் ‘உண்மைச் சம்பவம்’ என்று சிவப்பில் போட்டு, என்னைக் கேட்காமல் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார்.

புத்தகம் பறந்தது. கேபிள் டி.வி. வந்த பிறகு அப்படி ஒரு விற்பனையை நான் பார்த்ததில்லை. பீர் மைதீன் அண்ணாச்சி கடையில் வைத்துக் கைலாசத்திடம் கேட்டேன், நடக்காததை நடந்ததாகப் போடலாமா என்று. கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"வே, உம்ம கதையப் படிச்சிட்டா வாங்குதான்? என் அட்டையப் பாத்துல்லா வாங்குதான். உள்ள பூராவும் வெத்துத்தாளா வச்சுத் தைச்சாலும் இது போவும் வே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. இதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

ஆனால் அந்தச் சிவப்பெழுத்து மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. வாசகர் நம்பி வாங்குகிறார். அவரை ஏமாற்றலாமா? அட்டையோ அச்சாகிவிட்டது. அட்டையும் விஷயமும் ஒத்துப்போகாவிட்டால் அட்டையை மாற்ற முடியாது, விஷயத்தைத்தான் மாற்ற வேண்டும். இத்தனை வருஷமாக நான் செய்துவருவதும் அதுதானே.

இரண்டாம் பதிப்புக்குப் படத்தை இன்னும் திருத்தமாக எடுக்கலாம் என்று கைலாசத்தைக் கூப்பிட்டேன். முதல் படத்தில் கால்விரல்கள் விறைத்துக்கொண்டு நிற்கின்றன, செத்தவன் விரல் அப்படி நிற்காது என்றேன். நியாயமான குறை என்று ஒப்புக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கேமராவும் அதே சட்டையுமாக வந்து இறங்கினார். அவர் மனைவி ராஜராஜேஸ்வரி மதினி எங்கள் இருவருக்கும் சேர்த்து இட்லி கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

நல்ல காலை அது. அக்கரை வயலில் கொக்குகள் இறங்கியிருந்தன. குளிக்கிறவர்கள் இன்னும் வரவில்லை. கைலாசம் கடைசிப் படியில் படுத்தார். இந்த முறை முகமும் தண்ணீருக்குள் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது.

"சீக்கிரம் எடும் வே, தண்ணி சில்லுன்னு கெடக்கு" என்றார்.

மூச்சை இழுத்துக்கொண்டு முகத்தை உள்ளே விட்டார். நான் கேமராவைப் படியில் வைத்துவிட்டு, அவர் முதுகில் முழங்காலை ஊன்றிப் பிடரியைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையும் காலும் அட்டைக்கு ஒத்துவராதபடி அசைந்தன. பிறகு கால்விரல்கள் சரியாக வந்தன. இடது கையைத் தண்ணீருக்குள் நீட்டி, காலரை மடித்துவிட்டு, அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் திருத்தச் சொன்ன விரலும் முகமும் தவிர, ஒரு மயிரிழை பிசகு இல்லை.

இட்லியை வீணாக்க மனம் வரவில்லை. மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் தாராளமாக இருந்தது. மேல்படியில் உட்கார்ந்து என் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, அவர் பங்கை அவர் பையிலேயே வைத்தேன். அடுத்தவர் சோற்றில் கைவைக்கிற ஆள் இல்லை நான்.

சேதி கேட்டதும் பீர் மைதீன் அண்ணாச்சி புத்தகத்தோடு உங்களிடம் ஓடிவந்தார். "அட்டையில உள்ளது அப்படியே கெடக்கு, சார்" என்று அவர் அழுததாகச் சொன்னீர்கள். நீங்கள் ஆலைக்கு வந்து கேட்டீர்கள், நான் மறைக்கவில்லை. கைலாசத்தைத் தண்ணீரில் அமுக்கிக் கொன்றவன் நான்தான். தயாராக வைத்திருக்கும் தாளில் ஏட்டையா காரணம் பொறாமை என்று எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். வாசகரிடம் பொய் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் காரணம்.

ஒரே ஒரு வேண்டுகோள். காலையில் ஏட்டையா என் புத்தகத்திலிருந்து அட்டையை மட்டும் கிழித்து வழக்குக் கட்டோடு சேர்த்துத் தைத்தார். மிச்சத்தை ஜன்னலில் போட்டுவிட்டார். இப்போது உங்கள் மேஜையில் வடை இருக்கிறதே, அதன் அடியில் இருப்பது என் ஐந்தாம் அத்தியாயம். துப்புக் கிடைக்கிற இடம். கோர்ட்டுக்கு அனுப்பும்போது அந்த உள்தாள்களையும் சேர்த்து அனுப்புங்கள், ஐயா. வெறும் அட்டை மட்டும் போனால், ஜட்ஜ் ஐயாவும் கைலாசத்தைத்தான் பாராட்டுவார்.