பிரிக்காத பெட்டிகள்

— அழுத்தாதடா! உடைஞ்சுடப் போகுது!

— நான் அழுத்தலக்கா. சும்மா வெச்சுப் பாக்கறேன். உக்காரணும், உக்கார மாட்டேங்குது.

— ஏன் உக்கார மாட்டேங்குது? ரெண்டையும் நீதானே வாங்கினே?

— நான்தான் வாங்கினேன்.

— அப்புறம்?

— கொஞ்சம் பேசாம இருக்கா. யோசிக்க விடு.

— நல்லா யோசி. உங்க மாமா நாளைக்குக் காலையில வந்து இறங்கறாரு. அதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் ஓடணும். அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு யோசி.

— டென்ஷன் ஆகாதே. லாஜிக்கா பாப்போம். இது போர்டு. இது ப்ராசஸர், கம்ப்யூட்டருக்கு மூளைன்னு வெச்சுக்கோயேன். இந்த மூளை இந்தப் போர்டுல இருக்கற குழியில போய் உக்காரணும்.

— குழி ஒரு அளவு, மூளை ஒரு அளவு. அது எனக்கே தெரியுது. கண்ணு இருக்குல்ல எனக்கும்.

— அளவு இல்லக்கா, தலைமுறை. போர்டு போன தலைமுறை. ப்ராசஸர் இந்தத் தலைமுறை.

— ரெண்டையும் ஏன்டா வேற வேற தலைமுறையில வாங்கினே?

— லாஜிக்கா ஒரே தலைமுறைதான் ஆர்டர் போட்டிருந்தேன். அப்புறம் புதுசு வரப்போகுதுன்னு வீடியோவுல சொன்னாங்க. சரி, கொஞ்சம் பொறுத்தா அக்காவுக்கு நல்லதா வாங்கித் தரலாமேன்னு ப்ராசஸரை மட்டும் கேன்சல் பண்ணிட்டு...

— போர்டை மறந்துட்டே.

— மறக்கல. மாத்தணும் மாத்தணும்னு நெனச்சுக்கிட்டேதான் இருந்தேன். அந்த நேரம் பாத்து கிராபிக்ஸ் கார்டுக்கு ஆஃபர் வந்துச்சு. கவனம் அந்தப் பக்கம் போயிடுச்சு.

— ஏன்டா, ப்ராசஸர் வந்த அன்னைக்கே பெட்டியைப் பிரிச்சு போர்டுல வெச்சுப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்ல? திருப்பிக் கொடுத்திருக்கலாம்ல?

— பிரிக்கக் கூடாதுக்கா.

— ஏன், சாமி குத்தமா?

— எல்லாப் பார்ட்ஸும் வந்து சேர்ந்தப்புறம், ஒரே நாள்ல, ஒண்ணா உக்காந்துதான் பிரிக்கணும். சொந்தமா அசெம்பிள் பண்றவங்க எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அதுல ஒரு இது இருக்கு.

— ஒரு இது.

— மொத்தமா வீடியோ எடுக்கலாம்னு...

— அதான் வந்ததுல இருந்து போனை ஸ்டூல் மேல நிக்க வெச்சிருக்கியா? இப்பவும் ஓடுதா அது?

— ஆஃப் பண்ணிடறேன்.

— பண்ணு. நான் அழுமூஞ்சியா நிக்கறதை ஊரே பாக்க வேணாம். என் கட்டிலுக்கு அடியில இத்தனை மாசமா இந்தப் பெட்டிங்களைத் தள்ளித் தள்ளிப் பெருக்கினேனே, அதையும் எடுத்துப் போட்டிருக்கலாம் நீ.

— அக்கா...

— எழுந்திரு. எழுந்திருடா. அந்த ஸ்க்ரூவை எல்லாம் பொறுக்கி ஒரு கிண்ணத்துல போடு, கால்ல குத்தும். நான் கடைக்குக் கிளம்பறேன்.

— எந்தக் கடைக்கு?

— பாலத்துக்குப் பக்கத்துல, மாடியில இருக்கே, அங்க. ரெடிமேட் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். பிளக்கைச் சொருகினா ஓடுது. கடைக்காரர் ஓட்டியே காட்டினாரு.

— ரெடிமேடா? நீயா? என் கூடப் பொறந்துட்டு ரெடிமேடா?

— உன் கூடப் பொறந்ததாலதான் இந்தக் கதி.

— உனக்குப் புரியலக்கா. வெளியில பாத்தா கண்ணாடி, கலர் கலரா லைட்டு. உள்ள பூரா மட்டமான சரக்கு. பவர் சப்ளை எவன் செஞ்சான்னே தெரியாது. காத்து போறதுக்கு வழியே இருக்காது. கொஞ்ச நேரம் கேம் ஆடினா அடுப்பு மாதிரி கொதிக்கும்.

— கொதிக்கட்டும். அது கொதிக்கவாவது கொதிக்கும். உன்னோடது பச்சைத் தண்ணியா கிடக்கு.

— நாளைக்கு ஒரு பார்ட்டை மாத்தணும்னா? அவன் போட்டதுதான் சட்டம். நாமளே கட்டினா ஒவ்வொரு ஸ்க்ரூவும் நமக்குத் தெரியும்.

— எனக்கு ஸ்க்ரூவைத் தெரிஞ்சுக்க வேணாம்டா. நான் லேப்ல ரத்தம் எடுக்கறவ. வர்றவங்ககிட்ட, "கொஞ்சம் பொறுங்க, அடுத்த மாசம் இதைவிட மெல்லிசா ஒரு ஊசி வருதாம், அப்ப வாங்க"ன்னா சொல்லி அனுப்பறேன்? இருக்கற ஊசியில குத்தறேன். ரிசல்ட் வருது. வீட்டுக்குப் போறாங்க.

— ஊசியும் கம்ப்யூட்டரும் ஒண்ணாக்கா?

— மொதல்ல கார்டு விலை இறங்கட்டும்னே. பொறுத்தேன். அப்புறம் வெள்ளை கலர்ல பெட்டி வரட்டும்னே. ஏன்டா வெள்ளைன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? அப்புறம் ஏதோ ஃபேன். காத்தாடி மாதிரி சுத்தப் போற சாமானுக்கு நீ பொண்ணு பாக்கற மாதிரி பாத்தே. எல்லாத்துக்கும் சரி சரின்னேன்.

— உனக்கு நல்லதா அமையணும்னுதானே...

— தெரியும். அதனாலதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனிமே முடியாது. என் செருப்பு எங்க? பார், செருப்பு மேலயும் உன் அட்டைப்பெட்டி.

— சரி, இரு. ஒரு நல்ல ஐடியா. லாஜிக்கா கேளு. சரியான போர்டை இப்பவே ஆர்டர் போட்டுடறேன். வந்து சேர நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள மாமாவும் பயணக் களைப்பு தீர்ந்து உக்காந்திருப்பாரு. நீயும் அவரும் சேர்ந்தே கட்டுங்க. நீ ஸ்க்ரூ எடுத்துக் கொடு, அவரு முடுக்கட்டும். எவ்வளவு நல்லா இருக்கும்!

— நாலஞ்சு நாளா? அவரு வந்தப்புறமா? வேணாம். நாளைக்கே வேணும்.

— நீ ஏன்க்கா இப்படிப் பறக்கறே? சர்ப்ரைஸ் கொடுக்கணும், அவ்வளவுதானே? இதே பார்ட்ஸை வரிசையா அடுக்கி வெச்சுக் காட்டினாலே மனுஷன் அசந்துடுவாரு.

— சர்ப்ரைஸ்னு உனக்கு யாருடா சொன்னா?

— பின்ன?

— ஒண்ணுமில்ல. விடு. நீ வரலன்னா போ, நான் தனியாவே ஆட்டோ பிடிச்சுக்கறேன்.

— அக்கா, என்னைப் பாரு. என்னாச்சு? ஏன் கண்ணெல்லாம் இப்படி இருக்கு? ஒரு போர்டு மாறிப்போனதுக்கா?

— போர்டு ஒண்ணும் இல்லடா. கல்யாணமான கையோட அவரு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிட்டாரு. உனக்குத்தான் தெரியுமே, நீதானே பெட்டி தூக்கிட்டுப் போனே. அப்புறம் அவரே அங்க இருந்து, ஆன்லைன்ல ஒரு ஆட்டம் இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாம்னு சொல்லி அதைப் போட்டுக் கொடுத்தாரு.

— தெரியுமே. காட்டுக்குள்ள வீடு கட்டற ஆட்டம். பழைய கம்ப்யூட்டர்ல தினம் உக்காந்திருப்பே. நான் கூப்பிட்டாக்கூட ஹெட்செட்டைக் கழட்ட மாட்டே.

— அங்க அவரு விறகு வெட்டுவாரு, நான் வேலி போடுவேன். வெட்டிக்கிட்டே பேசுவாரு பாரு, கேட்டுக்கிட்டே இருக்கலாம். சின்ன வயசுல கெணத்துல விழுந்தது, மேனேஜர் எல்லார் முன்னாடியும் திட்டினது, பாத்ரூம்ல போய் அழுதது. நடுநடுவுல பாட்டு வேற. நானும் பேசுவேன். உன்கிட்ட, அம்மாகிட்ட சொல்லாததெல்லாம் சொல்லியிருக்கேன்.

— மாமாவா? மாமா பாட்டெல்லாம் பாடுவாரா?

— அந்த மனுஷனை எனக்கு அந்தக் காட்டுக்குள்ளதான்டா தெரியும். அப்புறம் பழைய கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. நீ வந்து, "அக்கா, நான் கட்டித் தர்றேன்"னே.

— அதுக்கப்புறம் போன்லதான் பேசிக்கிட்டீங்களா?

— பேசினோம். அவரு "அப்புறம்"பாரு. நான் "அப்புறம், நீங்கதான் சொல்லணும்"பேன். "சாப்டியா?" "சாப்டேன்." "சரி, வெச்சிடவா?" அவ்வளவுதான். வீடியோவுல வந்தா அதுவும் இல்ல. ரெண்டு பேரும் ஃபேனைப் பாத்துக்கிட்டு இருப்போம். நீ விலை குறையட்டும்னு காத்திருந்த மாசமெல்லாம் எனக்கு அப்படித்தான்டா போச்சு.

— இதை ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிடைச்சதை வெச்சு அப்பவே முடிச்சுக் கொடுத்திருப்பேனே.

— என்னன்னு சொல்றது? புருஷன்கிட்ட பேச கம்ப்யூட்டர் இல்லாம தவிக்கறேன்னா? உன்கிட்டயா? நீ ஊர் பூரா சொல்லிச் சிரிப்பே.

— சிரிக்க மாட்டேன். சத்தியமா. என் மேலயே எனக்குக் கோவமா வருதுக்கா. வெள்ளைப் பெட்டி வேணும்னு அலைஞ்சேன் பாரு...

— சரி, விடு. அழாதே, நீயும் ஆரம்பிக்காதே.

— ஆனா ஒண்ணு. கஷ்டமெல்லாம் இன்னியோட தீர்ந்துச்சு. மாமா ஒரேயடியா இங்கயே வந்துடறாரு. இனிமே திரும்பிப் போகவே போறதில்ல. அப்ப போனும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம். ரெடிமேடும் வேணாம், நான் கட்டவும் வேணாம். எதிர் எதிர்ல உக்காந்து வாய் வலிக்க வலிக்கப் பேசிக்கிட்டே இருங்க. இனி என்ன பயம் உனக்கு?

— அதான்டா பயமே. வாங்கற கம்ப்யூட்டரை ஹால்ல வைக்கணும். அவரு லேப்டாப்பை எடுத்துக்கிட்டு ரூம்ல உக்காரட்டும். நடுவுல ஒரு சுவர் இருந்தாதான் எங்களுக்குப் பேச வரும்.