‘மருந்து’ என்ற சொல்லை நான் சொல்லாதது பற்றி

நான் மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருந்து வருகிறேன். வயது நாற்பத்தொன்று. தையல் வேலை. பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் திருதிருவென்று விழிப்பார்கள், தையல்கார அக்கா என்றால் வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். உட்காரச் சொன்னீர்கள், கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, நடந்துகொண்டே சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் ரத்தக் கொதிப்புக்கான புது மாத்திரையைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடினார்கள். வெளியாள் போனால் கதவு திறக்காது என்று தெருவுக்கு ஒரு தன்னார்வலரை வைத்தார்கள், எங்கள் தெருவுக்கு நான். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்.

அதன் பிறகு நான் வீடு வீடாகப் போய் ‘மருந்துச் சோதனை’ என்றேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே, “நாங்க என்ன எலியாம்மா?” என்று கேட்டார். மற்றவர்கள் அதுகூடக் கேட்கவில்லை. எனக்கு மானம் போயிற்று. அதன் பிறகு ‘மருந்து’ என்ற சொல்லை விழுங்கிவிட்டு, ‘ப்ரஷர் சோதனை, வந்து பாத்துக்குங்க’ என்று மட்டும் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள்.

அதன் பிறகு அண்ணன் மனைவியிடம் போனேன். அண்ணி ஏற்கெனவே கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர். “நீ சொன்னா சரிதான்டி” என்று கிளம்பி வந்தார். அங்கே எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார்கள். அண்ணி அதைக் கேட்காமல் என் முகத்தையே பார்த்தார், நான் தலையாட்டினேன், கையெழுத்துப் போட்டார். பழைய மாத்திரையை விடக்கூடாது என்றும் சொன்னார்கள், அது காதில் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரி மாத்திரை வந்தாயிற்றே என்று பழையதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மாடியில் துணி காயப்போடும்போது விழுந்தார். இப்போது வலது கை விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது.

அதன் பிறகு அண்ணன் உங்கள் ஸ்டேஷனில் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தார். நேற்று நீங்கள் அண்ணியை விசாரித்தபோது நான் கட்டிலருகே நின்றேன். “அவ எல்லாம் சொன்னா. நான்தான் சரியா கேக்கல” என்றார். இடது கையால் என் விரல்களை அழுத்திக்கொண்டிருந்தார். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

அது பொய். என்னைக் காப்பாற்றச் சொன்னது. அது நின்றால் புகார் நிற்காது, வைத்தியச் செலவை யாரும் ஏற்க மாட்டார்கள். மருந்துச் சோதனை என்று அண்ணியிடம் நான் சொல்லவில்லை. அதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறார், எனக்கும் சேர்த்துத்தான் டீ வாங்கி வைத்திருக்கிறார். அவருக்கு இன்னும் தெரியாது.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் மிரட்டியோ கேட்டுக்கொண்டோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)