சத்தம் போடாத பம்பு

என் பெயரையும் தகப்பனார் பெயரையும் காவல் நிலைய அதிகாரி தனியே எழுதிக்கொண்டார். நான் குடியிருக்கும் மைதானத்தில் லிஃப்ட்காரர் என்று கேட்டால்தான் என்னைக் காட்டுவார்கள். வயது அறுபத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டியில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே உள்ள மைதானத்தில், பொதுக் குளியலறைக்கு எதிர்வரிசையில் எங்கள் வண்டி நிற்கிறது. பக்கத்து வண்டியில் இருந்த சலவைக்கடைப் பெண் என் தொட்டியிலிருந்து தண்ணீர் திருடினார் என்று புகார் கொடுத்தவன் நான்தான். அந்தப் புகார் பொய்யாகிவிட்டது என்று சொல்ல நானாகவே வந்திருக்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, மிரட்டவும் இல்லை.

எங்கள் வண்டியில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி உண்டு. அதிலிருந்து குழாய்களுக்குத் தண்ணீரைத் தள்ளும் சிறிய பம்பு, உட்காரும் பெஞ்சுக்கு அடியில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் அது தானாக ஓடும், மூடினால் தானாக நிற்கும். பழைய பம்பு ஓடினால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலிருக்கும், தண்ணீரோ நூல் மாதிரி வரும். போன தடவை தங்க வந்திருந்த என் மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, "மாமா, நான் பல் தேய்க்கிறது பக்கத்து ஊருக்கே கேக்குது" என்று சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்டின் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிப் பிழைத்தவன் நான். எனக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்துவிட்டது. அவன் மறுபடியும் வரப்போகிறான் என்று தெரிந்ததும் பம்பை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தேன். எழுதுகிற காவலர் இதெல்லாம் வழக்குக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன்.

அதன் பிறகு அழுத்தம் அதிகமுள்ள புது பம்பு ஒன்றை வாங்கி வந்து நானே மாட்டினேன். வயரைத் தடிமனானதாக மாற்றினேன், அதற்கேற்ற பியூஸ் போட்டேன், பம்புக்கு அடியில் ரப்பர் வைத்தேன். இதிலெல்லாம் குறை இல்லை. ஆனால் பம்பிலிருந்து வெளியே போகும் ஓஸ் குழாயின் முனை பழசாகி விறைத்துப்போயிருந்தது. அந்த முனையை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போட்டு இறுக்க வேண்டும். வெட்டினால் ஓஸ் எட்டாது, வேறு ஓஸ் இழுக்கப் பெஞ்சையே கழற்ற வேண்டும், மைத்துனன் வேறு வந்துகொண்டிருந்தான். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஏங்க, பழைய கிளிப்பையேவா மாட்டுறீங்க?" என்று கேட்டாள். எனக்கே பாடம் எடுக்கிறாயா, டார்ச்சை நேராகப் பிடி என்று சொன்னேன். அதன் பிறகு பம்பைச் சுற்றிப் பழைய கம்பளிகளைத் திணித்து அடைத்து, பெஞ்சை மூடினேன். மைத்துனன் வந்து குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டு, பம்பு ஓடுகிறதா இல்லையா மாமா என்று கேட்டான். அந்த ஒரு கேள்வியை அவன் வாயால் கேட்கத்தான் இத்தனையும் செய்தேன். இன்று அதைச் சொல்லவே வாய் கூசுகிறது.

மறுநாள் காலையில் மனைவி குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை. முந்தின நாள் நிரப்பிய தொட்டி காலியாக இருந்தது. மைதானத்தின் பொதுக்குழாயில் காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும், அதுவும் அன்றைக்கு நின்றுவிட்டது. வீட்டில் விருந்தாளி வேறு. விஷயம் தெரிந்ததும் பக்கத்து வண்டிப் பெண், கேட்காமலே ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து படியில் வைத்து, "இத வச்சுச் சமாளிங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சலவைக்கடையில் இஸ்திரி போடுபவர். கூட இருப்பது அவருடைய தகப்பனார் மட்டும். ரயிலில் கார்டாக இருந்தவர் என்பதால் எல்லோரும் கார்டு ஐயா என்போம். கால் விழுந்துவிட்டது, சன்னலோரப் படுக்கையில்தான் இருப்பு. சாயங்காலம் ஆனால் நான் அங்கே போய்விடுவேன், இரண்டு பேரும் சீட்டு ஆடுவோம். கூசாமல் கள்ளாட்டம் ஆடுவார். பிடித்துவிட்டால், "நீ மேலயும் கீழயுமா போய் நின்ன இடத்துலயே நின்னவன். நான் ஊர் ஊரா போனவன். எனக்கு ஆட்டம் சொல்லித் தர்றியா?" என்பார். எனக்கு அந்த மைதானத்தில் வேறு சிநேகிதம் கிடையாது.

சாயங்காலம் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியும், அதற்கு மறுநாளும் தொட்டி காலி. வெளியே போய்ப் பார்த்தேன். எங்கள் பின் சக்கரத்திலிருந்து அவர்கள் படி வரைக்கும் தரை ஈரமாக இருந்தது. எங்கள் தொட்டியில் தண்ணீர் ஊற்றும் வாயும் அந்தப் பக்கம்தான், அதற்குப் பூட்டும் இல்லை. அவர்கள் கொடியில் எந்த நாளும் படுக்கை விரிப்புகள் காயும். அந்தப் பெண் விடிவதற்கு முன்பே எழுந்து இருட்டில் துவைப்பதையும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு துவைக்க இவருக்குத் தண்ணீர் ஏது என்று மைத்துனன் கேட்டான். அவன் கேட்டதுதான் தாமதம், எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல் இருந்தது. முந்தின நாள் வாளி கொடுத்ததுகூடத் திருட்டை மறைக்கத்தான் என்று தோன்றியது. என் புத்தி அப்படிப் போயிற்று.

அதன் பிறகு நான் அவர்கள் வண்டி வாசலில் நின்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். குளியலறைக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மைதான மேலாளரும் வந்துவிட்டார். அந்தப் பெண் தான் எடுக்கவில்லை என்றும், வேலை செய்யும் கடையிலிருந்து கேன்களில் தண்ணீர் கொண்டுவருவதாகவும் சொன்னார். நேர்மையான தண்ணீர் என்றால் ஏன் திருடனைப் போல இருட்டில் துவைக்கிறாய், தினமும் விரிப்பு துவைக்க அப்படி என்ன அவசியம் என்று கேட்டேன். அவர் சன்னலைத் திரும்பிப் பார்த்தார். நான் விடவில்லை, சொல், எல்லோரும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"அப்பாவுக்கு ராத்திரியில ஒண்ணுக்கு கட்டுப்படல சார். யாருக்கும் தெரிய வேண்டாம்னுதான் இருட்டுல அலசுறேன்."

அதுவரை என்னை அண்ணா என்று அழைத்தவர் அன்று சார் என்றார். சன்னல் திறந்திருந்தது. கார்டு ஐயா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு கையை நீட்டிச் சன்னலைச் சாத்திக்கொண்டார். வரிசையில் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். காவலர் வந்து எங்கள் வண்டியில் உட்கார்ந்து புகாரை எழுதிக்கொண்டார். அவருக்கு என் மனைவி தேநீர் கொடுத்தாள். வண்டியில் வேறு தண்ணீர் இல்லாததால், அந்தப் பெண் கொடுத்த வாளியில் மிச்சமிருந்ததில் போட்ட தேநீர் அது. நானும் ஒரு குவளை குடித்தேன்.

அதன் பிறகு மேலாளர், விசாரணை முடியும்வரை அவர்கள் வண்டி மைதானத்துக்குள் நிற்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று மாலையே வண்டியை வாசலுக்கு வெளியே சாலையோரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே குழாயும் இல்லை, நிழலும் இல்லை.

முந்தின ராத்திரி மறுபடி லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியும், மறுநாள் காலையில் எங்கள் தொட்டி மறுபடியும் காலியாக இருந்தது. தரையும் அதே இடத்தில் ஈரமாக இருந்தது, பக்கத்தில் வண்டிதான் இல்லை. பெஞ்சைத் திறந்து கம்பளியில் கை வைத்தேன். சொதசொதவென்று இருந்தது. ஒவ்வொன்றாக உருவி எடுத்த பிறகு பம்பு வெறுமனே ஓடுவது காதில் விழுந்தது. குழாய் எல்லாம் மூடியிருந்தும் ஓடிக்கொண்டிருந்தது. புது பம்பின் அழுத்தம் தாங்காமல், பழைய கிளிப் போட்ட முனையில் நீர் கசிந்து, கம்பளியில் ஊறி, வயர் போகும் ஓட்டை வழியாக இறங்கி, அடிச்சட்டத்தின் ஓரமாக ஓடிப் பின் சக்கரத்தருகே சொட்டியிருக்கிறது. சரிவு அவர்கள் படியை நோக்கி இருந்தது. பழைய பம்பாக இருந்திருந்தால் அது போட்ட சத்தத்தில் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்தச் சத்தத்தைத்தான் நான் கம்பளி போட்டு அமுக்கி வைத்திருந்தேன்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மைத்துனன் பல் தேய்த்துக்கொண்டு வெளியே நின்றான், அவன் முன்னால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் நினைத்தேன். கம்பளிகளைச் சாக்கில் திணித்து, யாரும் பார்க்காதபடி வண்டிக்கு அடியில் தள்ளினேன். என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாக்கை வெளியே இழுத்து, கம்பளிகளை எடுத்து, அந்தப் பெண் அவிழ்க்காமல் விட்டுப்போன கொடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அவை தொங்கின. வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். மைத்துனன் வாயில் நுரையோடு என்னைப் பார்த்தான், இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அதன் பிறகு வாசலுக்கு ஓடினேன். வண்டி பூட்டியிருந்தது. கார்டு ஐயாவை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகக் காவலாளி சொன்னார். அங்கே போனதும்தான் தெரிந்தது, சன்னலைச் சாத்தியதிலிருந்து அவர் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மகள் கொடுத்ததை எல்லாம் குடிப்பதாகச் சொல்லிவிட்டு, மகள் அந்தப் பக்கம் போனதும் கீழே ஊற்றிவிட்டிருக்கிறார். குடித்தால்தானே துவைக்க வேண்டும் என்று டாக்டரிடம் சொன்னாராம். இப்போது கையில் ஊசி வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள், உயிருக்கு ஆபத்தில்லை. நான் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றி நீட்டினேன். என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லோரையும் கூட்டி வைத்து, அதே வாசலில் நின்று உண்மை முழுவதையும் போலீசில் எழுதிக் கொடுத்து நானே படிக்கிறேன் என்றேன்.

"படிங்க சார். ஆனா எங்க அப்பா பேச்சு அதுல வரக் கூடாது. உங்க பம்பு ஒழுகுச்சுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

ஆகவே நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவர்கள் வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்த விடும்படி மேலாளருக்கு எழுத வேண்டுகிறேன். கார்டு ஐயாவைப் பற்றிய வரிகளை அடித்துவிட முடியுமா என்று கேட்டேன். எழுதியதை அழிக்க வழியில்லை என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் மைதானத்தில் என்னைத் தவிர வேறு யார் இதை வாசித்தாலும் அந்த வரிகளைத் தாண்டிப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். எதனால் இத்தனையும் என்று யாராவது கேட்டால், லிஃப்ட்காரரின் வண்டி ஒழுகியது, அதை அவர் அடுத்தவர் மேல் போட்டார் என்று மட்டும் சொன்னால் போதும்.

நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார்கள். வாசித்துக் காட்டக் கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் தாழ்ந்த குரலில் வாசிக்கும்படி சொன்னேன், அறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். இதில் உள்ளவை அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
புகார் கொடுத்தவர்