வலது காலுக்கு ஒரு சுத்து கூட

கொஞ்சம் அசையாம இருங்கம்மா. நூலு உங்க செருப்பு வார்ல மாட்டியிருக்கு, இழுத்தா இங்க எனக்கு ரெண்டு கண்ணி அவுந்துடும். ஆங், வந்துடுச்சு. இந்த உருண்டைய உங்க மடியில வச்சுக்குறீங்களா, புண்ணியமாப் போகும். கீழ வச்சா பெஞ்சுக்கு அடியில ஓடிடுது. நேத்து ஸ்ட்ரெச்சர் சக்கரத்துல சுத்திக்கிச்சு. தள்ளிட்டு வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, எழுந்து நானே ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கலாமான்னு இருந்துச்சு.

சாக்ஸ் தாம்மா. பார்த்தா தெரியல இல்ல? முதல்ல பின்னினதைப் பார்த்துட்டு நர்ஸம்மா, டீ வடிகட்டவான்னு கேட்டாங்க. அதை அவுத்துட்டு மறுபடி போட்டேன்.

சிரிங்க, சிரிங்க, பரவாயில்ல. தலை நரைக்கிற வரைக்கும் டவுன் பஸ் ஓட்டின கை இது. அவ்வளவு பெரிய ஸ்டியரிங்கைப் பிடிச்சு வளைச்ச விரலுக்கு, இந்தக் குச்சி மாதிரி கொக்கி ஊசி பிடிபடவே மாட்டேங்குது. கட்டை விரல் மரத்துப் போச்சு. உக்காந்து உக்காந்து இடுப்பும் போச்சு. பத்து நாளா இந்த பெஞ்சு தான் எனக்கு வீடு.

என் சம்சாரத்துக்கு. உள்ள, ஜன்னலோரக் கட்டில். அந்த வார்டுல ஏசி ஐஸ் மாதிரி அடிக்குது. குறைக்கச் சொன்னா, எல்லாருக்கும் ஒரே மிஷின், உங்களுக்கு மட்டும் குறைக்க முடியாதுங்கிறாங்க. நாலு மணிக்குக் கதவு திறப்பாங்க இல்ல, அதுக்குள்ள இதை முடிச்சாகணும். நேத்து ஒண்ணே ஒண்ணு கொண்டு போய்ப் போட்டுவிட்டேன். பார்த்தா. நல்லா இருக்குன்னு கூடச் சொன்னா. அப்புறம் இன்னொண்ணு எங்கன்னா. நான் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. மணி அடிக்கிற வரைக்கும் அவ முதுகு கிட்ட தான் பேசிட்டிருந்தேன். ராத்திரிச் சாப்பாடும் தொடலையாம், நர்ஸம்மா காலையில சொன்னாங்க. இன்னைக்கும் ஒத்தையோட போய் நின்னேன்னு வைங்க, அவ்வளவு தான்.

கடையில வாங்கலாம் தான். என் மகளும் அதையே தான் சொல்றா. அவ ஒரு பாக்கெட்டு வாங்கிட்டே வந்தா. ஆனா கடைச் சாக்ஸ்ல மேல எலாஸ்டிக் இருக்கு பாருங்க, அது வீங்கின கால்ல கோடு கோடாப் பதியுது. விரல்கிட்ட தையல் வேற உறுத்துது. இதுல தையலே கிடையாதும்மா. தொட்டுப் பாருங்க. நாலு சங்கிலிக் கண்ணி போட்டு வட்டமாச் சேர்த்து, அதுக்கு மேல சுத்து சுத்தாப் போக வேண்டியது தான்.

அவளே சொல்லிக் குடுத்தது. தையல்காரிம்மா அவ, துணிக்கடை ஒண்ணுல மிஷின் ஓட்டினா. ரெண்டு பேருக்கும் பெடல் மிதிச்சே காலம் போச்சு. நான் ஊரைச் சுத்தி மிதிச்சேன், அவ உக்காந்த இடத்துலயே மிதிச்சா. பின்றதெல்லாம் அவளுக்குத் தூக்கத்துல வரும். இப்போ தான் கையில ட்ரிப்ஸ் ஊசி ஏத்தியிருக்காங்களே, விரலை மடக்க முடியல. அதனால படுத்துக்கிட்டே வாயால ஓட்டினா, நான் கையால ஓட்டினேன். கண்ணிக்குள்ள விடு, நூலைப் பிடி, இழு, இழுன்னா அந்த இழுப்பு இல்ல டிரைவரே, இது என்ன ஹேண்ட் பிரேக்காங்கிறா. டிரைவரேன்னு தான் கூப்பிடுவா. கோவம் வந்தா மட்டும் என்னங்க.

எண்ணிக்கை தான் எனக்கு வரல. பாதியில யாராவது பேசினா மறந்துடும். அதனால ஒரு வழி பண்ணினேன். சொன்னா நீங்களும் சிரிப்பீங்க. நான் ஓட்டின ரூட்டு இருக்கு பாருங்க, அதை இதுல போட்டுட்டேன். விரல் முனை டிப்போ. ஒரு சுத்து முடிஞ்சா ஒரு ஸ்டாப்பு. மார்க்கெட்டு, பள்ளிக்கூடம், தண்ணித் தொட்டின்னு பேர் சொல்லிக்கிட்டே போவேன். குதிகால் தான் கடைசி ஸ்டாப்பு, அங்க வண்டியத் திருப்பணும். முன்னாடி பின்னாடி, முன்னாடி பின்னாடின்னு பாதி பாதியாப் பின்னினா குதிகால் வந்துடும். பஸ்ஸைத் திருப்புற மாதிரியே தான்.

அதுலயும் சொதப்பினேன். மரக்கடை ஸ்டாப்புன்னு ஒண்ணு, அங்க ஒரு ஆள் ஏற மாட்டான், இறங்க மாட்டான். நிறுத்தாமப் போயே பழகிப் போச்சு. சாக்ஸ்லயும் நிறுத்தாமப் போயிருக்கேன். ஒரு சுத்து கம்மி. போட்டா குதிகால் ஏறவே இல்ல. அவ தடவிப் பார்த்துட்டு, எங்கயோ ஒரு ஸ்டாப்பை முழுங்கிட்டீங்க டிரைவரேன்னு சிரிச்சா. இங்க வந்தப்புறம் அவ சிரிச்சது அது ஒண்ணு தான்.

சுகர் தாம்மா. வேற என்ன. கால்ல சின்னதா ஒரு புண்ணு, ஆறவே இல்ல. போன வாரம் ஆபரேஷன் ஆச்சு. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் கை குடுத்தார். அவர் கணக்குக்கு நல்லபடி தான்.

உருண்டையக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கம்மா. போதும்.

அளவா? போன சாக்ஸுக்கு உள்ள போற போதெல்லாம் கால்ல வச்சு வச்சுப் பார்த்தேன். இதுக்கு அந்த வசதி இல்ல. ஞாபகத்துல தான் ஓட்டுறேன். அதோட அளவு வச்சு இதைப் போட முடியாது, இது வலது கால். பெடல் மிதிச்ச கால் இல்லையா, கொஞ்சம் அகலம், கொஞ்சம் நீளம். செருப்பு வாங்கப் போனா எப்பவும் வலது காலுக்குத் தான் சரி பார்ப்பா. இடது கால் செருப்பு லொடலொடன்னு இருக்கும், அதுல துணியை மடிச்சு வச்சுப்பா. சுண்டு விரல் கொஞ்சம் பக்கத்து விரல் மேல ஏறி உக்காந்திருக்கும். வலி எடுத்தா நான் தான் பிடிச்சு விடுவேன், என் கைக்குத் தெரியும். அதனால இதுக்கு ஒரு சுத்து கூடப் போடுறேன். மரக்கடையிலயும் நிறுத்திட்டேன், அதைத் தாண்டி புதுசா ஒரு ஸ்டாப்பும் போட்டுட்டேன். அதுக்கு இன்னும் பேர் வைக்கல.

மகளுக்கு இது பிடிக்கலம்மா. ஒண்ணோட நிறுத்துப்பா, அம்மா மனசைக் கெடுக்காதேங்கிறா. டாக்டர் கிட்ட கேட்டா, சிலருக்கு இப்படி இருக்கும், போகப் போகச் சரியாகும்னு ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தார். நான் யார் பேச்சைக் கேக்குறது, சொல்லுங்க.

முடிஞ்சிடுச்சு. இந்த நூலை மட்டும் உள்ள இழுத்துவிட்டா போதும். மணி ஆயிடுச்சா? செருப்புச் சத்தம் கேக்குது, கதவு திறக்க வந்துட்டாங்க போல.

என்ன கேட்டீங்க? எந்தக் கால்ல ஆபரேஷனா? இதே கால் தாம்மா. வலது கால். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க.

இல்லம்மா, அவளுக்குப் புத்தி நல்லாத் தான் இருக்கு. நானும் மருந்து மயக்கம்னு தான் நினைச்சேன். நேத்து அவ சுவர்ப் பக்கம் திரும்பினப்போ, மெதுவா ஞாபகப்படுத்தினேன். திரும்பாமலே சொன்னா, கால் போனது எனக்குத் தெரியுங்க, அந்தக் காலுக்குத் தெரியலையே, அது தான் குளிருதுங்குது. இடது காலுக்கு ஒண்ணுமே இல்லையாம். கதகதன்னு இருக்காம்.

உருண்டையக் குடுங்கம்மா. அழாதீங்க, உள்ள படுத்திருக்கிற உங்க வீட்டுக்காரருக்குச் சரியாயிடும்.

எப்படிப் போட்டுவிடப் போறேனா? அது தெரியாமத் தான் இவ்வளவு நேரம் உங்ககிட்ட வாய் ஓயாமப் பேசிட்டிருந்தேன். போர்வைக்குள்ள கையை விடுறேன். எந்த இடம்னு அவ சொல்லட்டும். பின்றதும் அவ சொல்லித் தானே பின்னினேன்.