கடைசி வண்டி இன்னும் வரல

…வரேன்னு போய்ச் சொல்லுங்க தம்பி, வரேன்! எங்க ஓடிப்போயிடப் போறேன்? ஆரன் அடிக்கிறாங்க பாருங்க, ஆரன்! முப்பத்தோரு வண்டி சேந்து அடிச்சா இந்த நரண்டெரா ஊர்ல இருக்கற காக்கட்டூ கிளி அத்தனையும் எந்திரிச்சுப் பறக்குது. மேயரம்மா பேச்சு முடிஞ்சு இன்னும் கால் மணி நேரம் ஆகல. அதுக்குள்ள என்ன அவசரம்? ஊர்வலம் எங்க, சிட்னிக்கா போவுது? மெயின் ரோட்டுல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு. நடந்தே போயிடலாம்.

உங்கள அனுப்புனது யாரு? அல்பியா? …இல்லியா. "எல்லாருந்தான்"னா என்ன அர்த்தம்? எல்லாரும் ஒரே வாயாலயா சொன்னாங்க? ம்ம். சரி விடுங்க.

உங்க பேரு… ஹேமிஷ். ஆங், நேத்து சொன்னீங்க. அந்த மஞ்சக் கூரை வண்டி உங்களுதுதானே? எம்பத்தொண்ணாம் வருஷத்து மாடலா? அடேயப்பா, கொழந்தை! என் வண்டி மேபல் எழுபத்திரண்டு மாடல். உள்ள இருக்கற மரவேலை பூரா நானே செஞ்சது. கதவத் தொறந்து மூடிப் பாருங்க, சத்தம் வருதா? வராது. …இப்ப வேணாம், அப்புறம் பாருங்க. இப்ப உள்ள கொஞ்சம் சூடா இருக்கு.

தாமதம் எதுக்குன்னா, கண்ணாடி தொடச்சிட்டு இருக்கேன். அவ்வளவுதான். …தொடச்சேன்தான், காலைலயும் தொடச்சேன். தூசி தம்பி, தூசி! அந்த ஆட்டுக் கொட்டகைலேர்ந்து வருது. ஊர்வலத்துல ரோட்டோரம் நின்னு பாக்கறவங்க மொதல்ல என்னத்தப் பாப்பாங்க? கண்ணாடியத்தான் பாப்பாங்க.

அதுவா? அது ஒண்ணுமில்ல. பட்டாணி. ஐஸ்ல வெச்ச பட்டாணி பாக்கெட்டு. மத்தியானம் சமைக்கறதுக்கு. இஞ்சின் மூடி மேல வெச்சா சீக்கிரம் எளகும்ல, அதுக்காக… ஆமா, ரெண்டு பாக்கெட்டு. நாங்க நெறய சாப்புடுவோம்.

நீங்க புதுசு. ஒங்களுக்கு இந்தப் பழைய வீட்டு வண்டிக்காரங்க கூட்டத்தப் பத்தித் தெரியாது. நான் பத்தொம்பது வருஷமா வரேன். "தோழமை, தோழமை"ன்னு பத்திரிகைல எழுதுவாங்க, பேனர்ல போடுவாங்க. என்ன தோழமைன்னு கேக்கறீங்க? சாயங்காலம் அஞ்சு மணி அடிச்சா மடக்கு நாற்காலியத் தூக்கிட்டு வந்து வட்டமாப் போடறது. ஆளாளுக்கு ஒரு தட்டுல பாலாடைக்கட்டியும் பிஸ்கட்டும். அப்புறம் பேச்சு. என்ன பேச்சு? யாரு வண்டி எங்க படுத்துதுங்கற பேச்சு! அது ஒண்ணுதான் பேச்சு. கியர் பெட்டி ஒடஞ்சு பன்னி லாரில கட்டி இழுத்துட்டு வந்தான் ஒருத்தன், கென்னி. அதப் பதினோரு வருஷமா சொல்றான். ஒவ்வொரு வருஷமும் ரெண்டு பன்னி சேத்துக்கறான். நோலா இருக்கா பாருங்க, அல்பியோட சம்சாரம், அவ செல்போன்ல பேரப்புள்ள போட்டோ காட்டறான்னு எட்டிப் பாத்தா, ஓட்ட விழுந்த ரேடியேட்டரு! அதக் கையில வாங்கி வாங்கிப் பாத்து "ஐயோ பாவமே"ங்கறாங்க.

இந்தக் கூட்டத்துல நான் என்னத்தப் பேச? சொல்லுங்க. என் வண்டி நின்னதே இல்லியே!

ஆமா. பத்தொம்பது வருஷம், ஒரு தடவ கூட இல்ல. ஒங்களுக்குக் கயிறு விஷயம் சொன்னாங்களா? சொல்லிருக்க மாட்டாங்க. ராத்திரி சாப்பாட்டுல பாப்பீங்க. எவன் வண்டி வழியில படுத்து இன்னொருத்தன் இழுத்துட்டு வந்தானோ, அவன எந்திரிக்க வெச்சு, இழுத்த கயித்தயே அவன் கழுத்துல மாலையாப் போடுவாங்க. எண்ணெய்ப் பிசுக்கோட! எல்லாரும் மேசையத் தட்டுவாங்க. போட்டுக்கறவன் என்னமோ பட்டம் வாங்குன மாதிரி அழுவான். எழுபது வயசுக் கெழவன் அழறான் தம்பி! ஒங்களத் தவிர அங்க இருக்கற எல்லாரும் ஒரு தடவயாவது போட்டிருக்காங்க. கென்னி நாலு தடவ. நான் ஒருத்தன்தான் போடல. எனக்கு அந்தக் கயித்தப் பாத்தாலே அருவருப்பா இருக்கும். சட்டைக் கழுத்து பாழாயிடும்.

…இல்ல, அது பொகையில்ல. ஆவி. டீ போடறேன் உள்ள. …கெட்டில் வெளில இருக்கா? அது இன்னொரு கெட்டில்.

ஒரு நிமிஷம் இருங்க, இந்த ஈரத் துணிய மாத்திட்டு வரேன்… ம். கண்ணாடி தொடைக்கற துணி. இஞ்சின் பக்கத்துல காயப் போட்டிருந்தேன்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? நாற்காலி. இப்ப என்ன பண்றாங்க தெரியுமா? என் வண்டிக்கு முன்னாலதான் எப்பவும் வட்டம் போடுவாங்க. எதனாலன்னா என் வண்டிக் கூரைத் துணிதான் பெருசு, நெழலு நல்லா விழும். இந்த வருஷம் போய்ப் பாத்தா அல்பியோட ரொட்டி வண்டி முன்னால வட்டம். ரொட்டி வண்டின்னா, நெசமாவே பேக்கரிக்கு ரொட்டி சுமந்த வண்டி. அதுக்குள்ள கட்டிலப் போட்டு, திரையப் போட்டு வீடுங்கறான். மழை பேஞ்சா இன்னும் ஈஸ்ட் வாசனை வரும். அங்க ஒக்காந்திருக்காங்க! நானும் நாற்காலியத் தூக்கிட்டுப் போனேன். எடம் குடுத்தாங்க, குடுக்காம இல்ல. "வா மெர்வ்"ன்னாங்க. ஆனா என் நாற்காலிக்கு இந்தப் பக்கம் ஒரு கை எடம், அந்தப் பக்கம் ஒரு கை எடம். மத்தவங்க நாற்காலி எல்லாம் கால் ஒட்டிக் கெடக்கு. நானும் நகத்தி நகத்திப் பாத்தேன். வட்டமே நகருது.

என் வீட்டுக்காரி ஐரிஸ் எங்கன்னு கேக்கறீங்களா? கேக்கலியா. நானே சொல்றேன். அந்த ரொட்டி வண்டிலதான் ஒக்காந்திருக்கா. ஊர்வலத்துக்கு நோலா கூட வரேன்னுட்டா. ஏண்டின்னு கேட்டா, "ஒன் வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல மெர்வ். ஆனா அதுல ஏறுனா கீறல் விழுந்துடுமோன்னு மூச்சு விடவே பயமா இருக்கு"ங்கறா. நாப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணவ பேசற பேச்சா இது?

எல்லாம் போன வருஷத்து விவகாரம். சொல்லிட்டாங்களா ஒங்ககிட்ட? சொல்லிருப்பாங்க. …சொல்லலியா? யாருமா? ஒருத்தர் கூடவா?

ம்.

அப்ப நானே சொல்லிடறேன். வேற யாராவது தப்பும் தவறுமாச் சொல்றதுக்கு முன்னாடி. பால்ரனால்டுலேர்ந்து ஹே ஊருக்குப் போறோம். ஒங்களுக்கு அந்த ரோடு தெரியும், நட்டுக்க நேரா கெடக்கும், ஒரு மரம் இருக்காது. எங்க கூட்டத்துல ஒரு வழக்கம், கடைசி வண்டின்னு ஒருத்தர நேமிப்பாங்க. அவன் எல்லாருக்கும் பின்னால வரணும். வழியில யாரு நின்னாலும் அவனும் நிக்கணும். அதுக்குன்னு ஒரு பச்சக் கொடி குடுப்பாங்க, வண்டி பின்னால சொருகிக்க. நின்னதே இல்லாத வண்டின்னு எனக்குக் குடுத்தாங்க. பெருமதான், இல்லேங்கல. காலைலயே கொடிய இஸ்திரி போட்டு வெச்சேன்.

பாதி வழியில பாத்தா அல்பி. ரொட்டி வண்டி மூக்கு தொறந்து கெடக்கு, இஞ்சின் வெளில தெரியுது. அவன் உள்ள தலைய விட்டுட்டு நிக்கறான். நோலா ரோட்டோரமா பாத்திரம் தொடைக்கற துண்ட எடுத்து ஆட்டறா.

நானும் கைய ஆட்டினேன்.

…ஆரன் கூட அடிச்சேன். ரெண்டு தடவ.

என்ன தம்பி அப்பிடிப் பாக்கறீங்க? நம்ம வண்டிக்காரங்க ரோட்டுல பாத்தா கையாட்டறது இல்லியா? நீங்க வரும்போது எத்தன பேருக்கு ஆட்டுனீங்க? டீ குடிக்க நிறுத்திருக்காங்கன்னு நெனச்சேன். …ஆமா, மூக்கு தொறந்துதான் இருந்துச்சு. காத்தாட விட்டிருக்கலாம்ல? …நெழல் இல்லதான். சில பேருக்கு வெயில் புடிக்கும்.

மூணு மணி நேரம் நின்னாங்களாம். ஆட்டு லாரிக்காரன் ஒருத்தன் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தான். நான் அதுக்குள்ள ஹேல போய் நிறுத்தி, கொடியக் கழட்டி மடிச்சு உள்ள வெச்சுட்டேன். அல்பி எறங்கி நேரா என் கிட்ட வந்தான். மொகம் பூரா செவந்து கெடக்கு. திட்டப் போறான்னு நெனச்சேன். நானும் பதில் தயாரா வெச்சிருந்தேன், நாலஞ்சு பதில். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நல்லா ஆட்டுன மெர்வ்." அவ்வளவுதான். போயிட்டான். அன்னிக்கு ராத்திரி கயிறு போட்டுக்கிட்டு அழுதான். எல்லாரும் மேசையத் தட்டினாங்க. நானும் தட்டினேன்.

அன்னிலேர்ந்து ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல. அதான் எனக்கு ஆத்திரம்! கேளேன்! சட்டையப் புடிச்சுக் கேளேன்! பத்தொம்பது வருஷம் ஒண்ணாத் தின்னவன் ஒரு கேள்வி கேக்க மாட்டானா? ஒங்க தோழமை இவ்வளவுதானா?

…ஆரன் நிறுத்திட்டாங்க. கேட்டீங்களா? அப்ப கெளம்பிட்டாங்களோ? …இல்ல. இருக்காங்க. கெளம்ப மாட்டாங்க. எங்க சட்டம் அது, எல்லா வண்டியும் வரிசைக்கு வராம ஒரு வண்டியும் மைதான வாசலத் தாண்டாது. முட்டாள்தனமான சட்டம். ஒருத்தனுக்காக முப்பத்தோரு பேரு வெயில்ல… அத மாத்தணும்னு நான் ரெண்டு தடவ கடுதாசி குடுத்திருக்கேன்.

தம்பி, ஒரு ஒதவி. போய்ச் சொல்லுங்க, மெர்வுக்கு வயிறு சரியில்ல, ஊர்வலம் வேணாங்கறான்னு. வண்டியப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். …வயிறு நல்லாத்தான் இருக்கு. சும்மா சொல்லுங்க.

ஏன்னா… இங்க வாங்க. கிட்ட வாங்க. அந்த மேயரம்மா இருக்கா பாருங்க, "எல்லாரும் அஞ்சு நிமிஷம் இஞ்சின நிறுத்துங்க, நான் பேசறது கேக்கல"ன்னா. எல்லாரும் நிறுத்தினாங்க. நான் காலைல ஆறு மணிலேர்ந்து ஓட விட்டு வெச்சிருந்தேன். எதுக்கு ஓட விட்டேன்? கேளுங்க. சூடா இருக்கும்போது நிறுத்துனா மேபல் திரும்பக் கெளம்பாது. பெட்ரோல் கொழாய்லயே ஆவியாப் போயிடும். ஒரு மணி நேரம் ஆறணும். ஈரத் துணி, பட்டாணி, எல்லாம் போட்டா முக்கா மணி. எல்லாரும் பாக்கறாங்க, நான் மட்டும் ஓட விட்டா நல்லா இருக்காதேன்னு நானும் சாவியத் திருப்பிட்டேன். ஆட்டுக் கம்பளி வெல பத்திப் பேசினா தம்பி அந்தம்மா, பதினாலு நிமிஷம்!

ஆறு வருஷமா இப்பிடித்தான். அதனாலதான் நான் வழியில எங்கயும் நிறுத்தறது இல்ல. டீக்கு நிறுத்தறதில்ல, ஒண்ணுக்குப் போக நிறுத்தறதில்ல. ஐரிஸ் சண்ட போடுவா. மூணு தடவ வசமா மாட்டிக்கிட்டேன். கோதுமை சேமிக்கற கோபுரத்துக்குப் பின்னால ஒளிச்சு நிறுத்தி, வேற ஊர்லேர்ந்து இழுவை வண்டிய வரவழைச்சு, நம்ம ஆளுங்க போற ரோட்ட விட்டுச் சுத்து வழியில… என்னத்துக்கு? நானே கேட்டுப் பாத்திருக்கேன். படுக்கும்போது கேப்பேன், மெர்வ், என்னத்துக்குடா இதெல்லாம்? அவங்ககிட்ட சொன்னா என்ன, கொன்னா போடுவாங்க? கயிறு போடுவாங்க. மேசையத் தட்டுவாங்க. அதுக்கு மேல என்ன? காலைல எந்திரிச்சு மறுபடி கண்ணாடி தொடைப்பேன்.

அல்பிகிட்ட அதுக்கு மருந்து இருக்கு, தெரியுமா? அவன் ரொட்டி வண்டிலயும் இதே இஞ்சின்தான். கொழாய வேற பக்கமாத் திருப்பி விட்டுட்டான். வட்டத்துல ஒக்காந்து வெவரமாச் சொன்னான், படம் கூடப் போட்டுக் காட்டினான். நான் கொட்டாவி விட்டேன். "எனக்கெதுக்குப்பா இதெல்லாம்"ன்னேன். சொல்லிட்டு உள்ள வந்து ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சு பாத்தேன். சரியா வரல.

அதனால நீங்க போய் வயிறுன்னே சொல்லிடுங்க. வயித்துல ஒண்ணும் தப்பில்ல, யாருக்கும் வரலாம். ஒங்களுக்கு நான் அந்த அலமாரிக் கதவு செய்யற வித்தயச் சொல்லித் தரேன், சத்தமே வராது. சரியா ஹேமிஷ்? …ஹேமிஷ்?

எங்க போயிட்டான்?

அடப்பாவி. பேசிட்டு இருக்கும்போதே… அதோ போறான். வேகமாப் போறான். அந்தப் பக்கம் எதுக்குப் போறான்? ரொட்டி வண்டிக்குப் போறான்! ஏய்! ஏய் தம்பி! வயிறு! வயிறுன்னு சொல்லு!

…சொல்றான். கையக் காட்டிச் சொல்றான். கொழாய் மாதிரி கைய வளைக்கறான். போச்சு.

அல்பி எறங்கறான். ஐரிஸும் எறங்கறா. நீ எதுக்குடி எறங்கற, நீ ஒக்காரு… கென்னியும் வரான். எல்லாருமா வராங்க! அட, வரிசைய விட்டுட்டா வருவாங்க? அந்தப் பட்டாணிய எடுத்து ஒளி மெர்வ். எங்க ஒளிக்க? சொட்டுது.

சரி. என்ன சொல்லலாம்? பாட்டரின்னு சொல்லலாம். பாட்டரி யாருக்கும் போகும். இல்ல, சாவி தொலஞ்சு போச்சுன்னு… சாவி அதுலயே தொங்குது.

வா அல்பி.

என்ன பை அது? ரிப்பேர் சாமானா? …இல்லப்பா, ஒண்ணுமில்ல. கண்ணாடி தொடச்சிட்டு இருந்தேன். இந்த ஊருத் தூசி இருக்கே…

ஏன் அப்பிடியே நிக்கற? எதாவது சொல்லேன்.

…

கெளம்பல அல்பி. வண்டி கெளம்பல.

அன்னிக்கும் நிறுத்திருந்தா கெளம்பிருக்காது. அதான் நிக்கல.