ஒற்றை வாசல் கடை

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகும் காலை பஸ். பாட்டுச் சத்தத்தை மீறி முன் சீட்டுப் பேச்சு கேட்டது. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். மூத்தவர் மகனைப் பார்க்கப் பெங்களூரு போய்விட்டு நேற்றுத்தான் திரும்பியிருந்தார்.

“அயர்லாந்து பப்புன்னு ஒரு கடைக்குச் சாப்பிடக் கூட்டிட்டுப் போனான். உட்கார மாட்டேன்னுட்டேன்.”

“பிராந்திக் கடைங்கிறதாலயா மதினி?”

“அதுக்கில்ல. அம்புட்டுச் சனத்துக்கும் ஒத்த வாசல். வெடிமருந்து அடைக்கிற நம்ம ரூமுல நாலு பேருக்கு நாலு வாசல் இருக்கு.”

“மகன் என்ன சொன்னாப்ல?”

“மானத்தை வாங்காதம்மான்னான். நான் மேனேசரைக் கூப்பிட்டேன். அடுப்படிக்குப் பின்னாடி இன்னொரு வாசல் இருக்குன்னாரு. போய்ப் பார்த்தா பாட்டில் பெட்டியா அடுக்கி மறைச்சிருக்கு. எல்லாத்தையும் எடுக்கிற வரைக்கும் அங்கனயே நின்னேன்.”

“எடுத்தாகளா?”

“எடுத்தாக. பெறகுதான் உட்கார்ந்தேன். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரு கொழம்பு கொடுத்தாக. காரமே இல்ல.”

இளையவர் சிரித்தார். பிறகு மூத்தவர் பக்கம் திரும்பினார்.

“மதினி, நம்ம ரூமுல மேக்கு வாசல்ல அட்டைப்பெட்டி அடுக்கியிருக்காக. நீக ஊருக்குப் போன மறுநாளே. சீசன் லோடு, வைக்க இடமில்லைன்னு போர்மேன் சொன்னாரு.”

“நீ ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல.”

பஸ் நின்றது. மூத்தவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வா. எடுக்கிற வரைக்கும் நிப்போம்.”